தில் எண்டா இதயம் மட்டும் தானோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில இந்திப் பாட்டுகளில வாற சொல்லுகளுக்குத் தமிழில கருத்துச் சொல்லுற பெட்டி ஒண்டு போட்டிருந்தியள். எங்கட வீட்டுப் பிள்ளையள் ரெண்டும் அதை வெட்டிப் பிரிஜ் கதவில ஒட்டி வச்சிருக்கினம், அவையளுக்கு இந்திச் சீரியல் எண்டா உயிர், நானும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டு வாசிச்சன். தில் எண்டதுக்கு நேர 'இதயம்' எண்டும், அது சமஸ்கிருத ஹ்ருதயம் தேஞ்சு வந்த சொல் எண்டும் இருந்துது. அந்த ரெண்டாவது சங்கதி பிழை. முதலாவதைப் பிழை எண்டு சொல்ல ஏலாது, ஆனா அதை அப்பிடியே நம்பி ஒரு பிள்ளை இந்திப் பாட்டை விளங்கப் போனா அரைவாசி விளங்காமலே போயிடும். அதுக்காகத் தான் எழுதுறன். கடிதம் கொஞ்சம் நீளம், இடம் காணாட்டி எங்க வெட்டினாலும் பறவாயில்லை, அம்மான்ர கதையை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

நான் 2003 இல இருந்து 2011 மட்டும் ஷார்ஜாவில ஒரு சாமான் ஸ்டோரில வேலை செய்தனான். அறையில நாலு பேர். ஒராள் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர், ஒராள் உத்தரப்பிரதேசப் பொடியன், மற்றவர் மகாராஷ்டிராவில ரத்னகிரிக் கரையைச் சேந்தவர், எல்லாருக்கும் மூத்தவர் எண்டபடியா அவரை 'பாவு' எண்டு தான் கூப்பிடுவம், மராத்தியில அண்ணன் எண்டு கருத்து. எனக்கு இந்தி வந்தது புத்தகத்தில இருந்து இல்லை, அந்த அறையில இருந்து. முதல் மாசம் ஸ்டோரில 'தில் கா தேல்' பெட்டியை இறக்கச் சொன்னாங்கள், பாட்டுகளில கேட்ட தில் தானே எண்டு யோசிச்சு எனக்கு ஒண்டும் பிடிபடேல்ல, ஒரு போத்தலின்ர மூடியைத் திறந்து மணந்து பாக்கத் தான் நல்லெண்ணெய் எண்டு விளங்கிச்சுது. எள்ளுக்கும் இந்தியில தில் தான். ஆனா அதில முதல் எழுத்து எங்கட 'தலை'யில வாற த மாதிரி அழுத்தி வரும், நெஞ்சுக்குச் சொல்லுற தில்லில 'பந்து'வில வாற து மாதிரி மெல்லிசா வரும். தமிழில எழுதினா ரெண்டும் ஒண்டு. அதையும் உங்கட பெட்டியில ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி அந்தச் சொல்லின்ர பிறப்பு. தில் பாரசீகச் சொல், ஈரானில இருந்து வந்தது. ஹ்ருதயம் வட இந்தியாவில தேஞ்சு என்னவா வந்தது எண்டு கேட்டா 'ஹியா' எண்டு வந்தது, பழைய இந்திப் பாட்டுகளில அது கிடக்குது. தில் வேற வழியால வந்தது. வேற வழி எண்டாலும் வேற குடும்பம் இல்லை, எனக்கு இதில தான் பெரிய ஆசை. வேதகாலச் சமஸ்கிருதமும் ஈரான் பக்கத்துப் பழைய மொழியளும் ஒரு வயித்துப் பிள்ளையள். சமஸ்கிருதத்தில ஹ வாற கன இடத்தில, பழம்பாரசீகத்தில மெல்லிசான த வரும். கைக்குச் சமஸ்கிருதம் ஹஸ்தம், எங்கட அத்த நட்சத்திரம் அது தான், பாரசீகத்தில கை எண்டா தஸ்த், தமிழ்நாட்டார் பத்திரத்துக்குத் தஸ்தாவேஜு எண்டு சொல்லுறது அதில இருந்து வந்தது. அதே கணக்கில தான் ஹ்ருத் எண்டதுக்கு ஈரான் பக்கம் தகரத்தில தொடங்கிற ஒரு வடிவம் இருந்து, பேந்து அதில இருந்த ர்த் எண்ட கூட்டு உருகி லகரமாகி, தில் எண்டு வந்து நிண்டுது. இந்த உருகலை வேற சொல்லுகளிலயும் பாக்கலாம். நாங்கள் சரற்காலம் எண்டுறமே, அந்தச் சரத்தின்ர பாரசீகச் சகோதரம் தான் வருசத்துக்குச் சொல்லுற 'சால்'. ரோசாப்பூவுக்கு முந்தி 'வர்த' மாதிரி இருந்த சொல் 'குல்' ஆச்சுது, அதோட தண்ணிக்குச் சொல்லுற 'ஆப்' சேந்தா குலாப், எங்கட கலியாண வீட்டு வாசலில தெளிக்கிற பன்னீர்.

எங்கட இதயம், இருதயம் ரெண்டும் ஹ்ருதயத்தில இருந்து வந்தது. சிங்களச் சனம் சொல்லுற 'ஹதவத்த'வும் அந்த வழி தான். ஆஸ்பத்திரியில கார்டியோலொஜி எண்டு போர்டு போட்டிருக்கிறதில உள்ள 'கார்டியா' கிரேக்கச் சொல், அதுவும் இங்கிலீசு ஹார்ட்டும் அந்தப் பழைய வேரில இருந்து கிளம்பினது தான். எங்கட அறைப் பட்டாணியர் தன்ர பஷ்தோ மொழியில நெஞ்சுக்கு 'ஸ்ற' எண்டு சொல்லுவார், தேனீ இரையிற மாதிரி ஒரு சத்தத்தோட தொடங்கும், அது என்ன பாஷையடா எண்டு நான் நினைச்சிருக்கிறன். ஊருக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு வாசிக்கேக்க தான் தெரிஞ்சுது, சமஸ்கிருத ஹ அவெஸ்தாவில, அது தான் பார்சிக்காரரின்ர வேதத்தில, அந்த இரைச்சலோட தான் வரும், பஷ்தோவும் அதை அப்பிடியே வச்சிருக்குது எண்டு. நாலு பேரும் ஒரே பழஞ்சொல்லை ஆளுக்கொரு விதமாச் சொல்லிக்கொண்டு எட்டு வருசம் ஒரே சட்டியில சோறு திண்டிருக்கிறம், அப்ப அது ஒருத்தருக்கும் தெரியாது.

இந்த இடத்தில ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போறன், ஏனெண்டா எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி திலீபன் எண்ட பேரும் தில்லில இருந்து வந்தது எண்டு நம்பிக்கொண்டு திரியிறான். அது ரகுவின்ர தகப்பன், இராமற்ற முன்னோர், திலீபன் எண்ட சூரியகுல அரசன்ர பேர். எங்கட யாழ்ப்பாணத்து அரசகேசரி காளிதாசற்ற கதையைத் தமிழில இரகுவமிசம் எண்டு பாடினவர் எல்லே, அதிலயே இருக்கிறார். தில்லை எண்டதும் மரத்தின்ர பேர், கடற்கரைச் சதுப்பில நிக்கிற மரம். ரெண்டுக்கும் இந்தத் தில்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2006 ஓகஸ்டில யாழ்ப்பாணத்துக்குத் தரையால வாற ஏ9 பாதை முகமாலையில பூட்டுப்பட்டது இங்க எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருசம் தையில அம்மா மோசம் போயிட்டா. ரெலிபோனில செய்தி வந்துது. கொழும்பு மட்டும் வந்து இறங்கினாலும் அங்கால பிளேனுக்கோ கப்பலுக்கோ அனுமதி எடுத்து வீடு வந்து சேர எத்தினை கிழமை செல்லும் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாத காலம், அதால செத்தவீட்டை அடுத்த நாளே முடிச்சிட்டினம், கொள்ளி வச்சது சித்தப்பான்ர மகன். நான் கட்டிலில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருந்தன். பாவு வேலை முடிஞ்சு வந்தார், மற்றவை சொல்லியிருப்பினம், ஒண்டும் கேக்கேல்ல, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டந்து எனக்குப் பக்கத்தில வச்சிட்டு அவரும் கட்டிலில இருந்தார். பட்டாணியர் கையை ஏந்தி ஏதோ ஓதினார். விடிய ரெண்டு மணி போல பாவு ஊரில மனிசிக்கு ரெலிபோன் எடுத்தார், அவர் மெல்லக் கதைச்சாலும் திலாசா, திலாசா எண்டு ரெண்டு மூண்டு தரம் என்ர காதில விழுந்துது. அது என்ன எண்டு கனநாள் கழிச்சுத் தான் கேட்டன். "மனிசி கேட்டவ, அந்தப் பிள்ளைக்குத் திலாசா குடுத்தனியளோ எண்டு. என்னட்டக் குடுக்க என்ன இருக்கு, பக்கத்தில இருக்கிறன் எண்டு சொன்னன்" எண்டார்.

திலாசா எண்டது தில்லோட 'ஆசா' சேந்த சொல். ஆசா எண்டது பாரசீகத்தில ஓயிறது, இளைப்பாறுறது எண்ட கருத்துள்ள வினையில இருந்து வாறது. நெஞ்சை இளைப்பாற வைக்கிறது எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. எங்கட ஆறுதல் எண்ட சொல்லும் அது தானே, தேத்தண்ணி ஆறுறது, புண் ஆறுறது, மனம் ஆறுறது எல்லாத்துக்கும் ஒரே சொல்லை வச்சிருக்கிறம். மராத்திப் பேப்பரில 'விவசாயிகளுக்குத் திலாசா' எண்ட தலைப்பு சர்வசாதாரணமா வரும், மழை பெஞ்சாலும் திலாசா, கடனைத் தள்ளினாலும் திலாசா. அது பாரசீகம் எண்டு சாதாரண மராத்திச் சனம் யோசிக்கிறேல்ல, அவையளுக்கு அது வீட்டுச் சொல்.

மராத்தியில இந்தச் சொல் போன போக்கைப் பாக்க வேணும். தில் எண்டு தனியா நிக்கிறது பாட்டிலயும் கவிதையிலயும் தான் கூட. உறுப்பைச் சொல்ல ஹ்ருதய் இருக்கு, வீட்டுப் பேச்சில 'காளிஜ்' இருக்கு, அது உண்மையில ஈரலுக்கு உள்ள சொல், நெஞ்சுக்கும் வரும், நாங்கள் ஈரக்குலை நடுங்குது எண்டுறம் எல்லே, அது மாதிரி. ஆனா தில் கூட்டுச் சொல்லுகளுக்குள்ள போய் நல்லா வேரூண்டிட்டுது. தில்தார் எண்டா தாராளமான மனசுக்காரன். தில்குலாஸ் எண்டா மனந்திறந்த ஆள், ஒளிவுமறைவில்லாத பேச்சு. தில்கிரி எண்டது தான் எனக்கு ஆச்சரியம், பாரசீகத்தில தில்கீர் எண்டா நெஞ்சு பிடிபட்ட மாதிரி, துக்கமான ஆள், அது மராத்தியில வந்து மன்னிப்புக் கேக்கிற சொல்லா மாறிட்டுது. றோட்டு வேலை நடக்கிற இடத்தில நாங்கள் 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' எண்டு போர்டு போடுற மாதிரி அங்க 'தில்கீர் ஆஹோத்' எண்டு போட்டிருக்கும் எண்டு பாவு சொல்லுவார்.

இது எப்பிடி அங்க போச்சுது எண்டா ஆட்சியால. தக்காணத்தில 1347 இல பாமினி சுல்தான்கள் தொடங்கி, பேந்து பிஜாப்பூர் அடில்ஷாகி, அகமத்நகர் நிசாம்ஷாகி எண்டு மூண்டு நூறு வருசம் மட்டில கந்தோர் எழுத்தில பாரசீகம் இருந்துது. பேஷ்வா எண்ட பதவிப் பேரே பாரசீகம், முன்னுக்கு நிக்கிறவர் எண்டு கருத்து. 1674 இல சிவாஜி முடி சூடின பிறகு அரசாங்கத்தில புழங்கின பாரசீக, அரபுச் சொல்லுகளுக்குப் பதிலாச் சமஸ்கிருதச் சொல்லுகளைப் போட்டு ராஜ்யவியவகார கோசம் எண்டு ஒரு அகராதியே செய்விச்சார், ரகுநாத பண்டிதர் செய்தது, ஆயிரத்துக்கு மேல சொல். ஒரு அரசன் தன்ர மொழியில நிர்வாகம் நடத்த வேணும் எண்டு நினைச்சது நியாயம், அதில நான் குறை சொல்லேல்ல. ஆனா கந்தோர்ச் சொல்லு வேற, செத்தவீட்டில பக்கத்தில இருக்கேக்க வாயில வாற சொல்லு வேற. திலாசா இண்டைக்கும் இருக்குது.

எங்களிட்ட ஏன் இது வரேல்ல எண்டும் யோசிச்சிருக்கிறன். தமிழ்நாட்டில 18ஆம் நூற்றாண்டில ஆற்காட்டு நவாப்புகளின்ர ஆட்சி, அரண்மனை எழுத்தெல்லாம் பாரசீகம், அதால அங்க வக்கீல், தாசில்தார், ஜாமீன், ஜப்தி. இங்க 1619 இல போர்த்துக்கேயர், 1658 இல ஒல்லாந்தர், 1795 இல வெள்ளைக்காரர். அதால எங்களுக்கு அப்புக்காத்து, பிறக்கிறாசி, கந்தோர், தோம்பு, கதிரை, வாங்கு, அலுமாரி. ஒரே தமிழ், கோட்டு வாசல் மட்டும் வேற வேற. ஆனாலும் பாரசீகம் சந்தை வழியா உள்ளுக்கு வந்து தான் இருக்குது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில தராசில சாமானை நிறுத்துப்போட்டு விலை சுமார் இவ்வளவு எண்டு சொல்லுகினம், இந்த ஒரு வசனத்துக்கே எனக்கு மூண்டு பாரசீகச் சொல் தேவைப்பட்டிட்டுது.

தில் மட்டும் இங்க நேர வரேல்ல, சென்னைத் தெருப்பேச்சில போய்ச் சேந்து, அங்க இருந்து படத்தோட எங்களிட்ட வந்துது. அங்க அது மாறின விதம் தான் விசேசம். "தில் இருந்தா வா பாப்பம்" எண்டா அதில காதலும் இல்லை, கருணையும் இல்லை, துணிவு ஒண்டு தான். இந்தியில ஆயிரம் கருத்துள்ள சொல்லு தமிழுக்கு வரேக்க ஒரே ஒரு கருத்தைத் தூக்கிக்கொண்டு வந்திட்டுது. அதைச் சிலபேர் கொச்சை எண்டுகினம், நான் அப்பிடிச் சொல்லமாட்டன். பாரசீகத்திலயும் நெஞ்சுக்குத் துணிவு எண்ட கருத்து உண்டு, இங்கிலீசில கறேஜ் எண்ட சொல்லே நெஞ்சுக்குரிய லத்தீன் சொல்லில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, தமிழிலயும் நெஞ்சுரம் எண்டுறம். பயமில்லாதவன்ர பலம் நெஞ்சில கிடக்குது எண்டு இவ்வளவு தூரத்துச் சனங்களும் தனித்தனியா நினைச்சிருக்கு. இந்தியில கோழைக்கு 'புஸ்தில்' எண்டு பேர், புஸ் எண்டா பாரசீகத்தில ஆடு, ஆட்டு நெஞ்சுக்காரன். இரக்கமில்லாதவன் 'சங்தில்', சங் எண்டா கல்லு. கல்நெஞ்சன். இதைக் கேட்ட அண்டு நான் பாவுவிட்ட எங்கட சொல்லைச் சொல்லிக் காட்ட அவர் ரெண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பாத்தார். இருந்தாலும் பிள்ளையளிட்ட நான் சொல்லுறது, துணிவுக்கு எங்களிட்ட ஓர்மம் எண்ட வடிவான சொல் இருக்குது, ஓர்மமான பெடி எண்டா இங்க எல்லாருக்கும் விளங்கும், அதை விட்டுப்போடாதேங்கோ எண்டு தான். தில் வந்தா வரட்டும், ஓர்மம் போகக் கூடாது.

இனி அந்த 'இதயம்' பிரச்சினைக்கு வாறன். இந்திக்காரர் தில்லை வச்சு நாளாந்தம் கதைக்கிறதைக் கேளுங்கோ. 'தில் நஹீ மான்தா' எண்டா மனம் கேக்குதில்லை. 'தில் லகா கே காம் கரோ' எண்டா மனம் வச்சு வேலை செய். 'தில் கோல் கே' எண்டா மனந்திறந்து. 'தில் சோட்டா மத் கரோ' எண்டா மனம் தளராதை. 'தில் தடக்' எண்டு வந்தா நெஞ்சு அடிச்சுக்கொள்ளுது. இதில எங்கயாவது இதயம் எண்டு போட்டுப் பாருங்கோ, 'என் இதயம் கேட்கவில்லை', 'இதயத்தை வைத்து வேலை செய்', ஒரு தமிழ்ச் சனமும் அப்பிடிக் கதைக்காது. தமிழில மொழிமாத்தி வாற சீரியலுகளில இது தான் நடக்குது, மாமியார் பொங்கி அழுறா, வாயில இருந்து இதயம் வருது, பாத்துக்கொண்டிருக்கிற எங்கட ஆச்சிமாருக்கு அந்த அழுகையில மனம் ஒட்டுதில்லை. உறுப்பைச் சொல்லேக்க இருதயம் சரி. இந்தியில மாரடைப்புக்கு 'தில் கா தௌரா' எண்டு சொல்லுவினம், எங்களுக்கு அங்க கூட மார் தான் வருது பாருங்கோ. மற்ற இடம் முழுக்க நெஞ்சும் மனமும் தான் தில்லின்ர சரியான சோடி.

இதுக்கு நான் காட்டக் கூடிய பெரிய சாட்சி ஒண்டு இருக்கு. டில்லியில இருந்த மிர்சா காலிப், 1797 இல பிறந்து 1869 இல செத்த உருதுக் கவிஞர், ஒரு கசலைத் தன்ர தில்லைக் கூப்பிட்டுத் தான் தொடங்கிறார். பேதை நெஞ்சே உனக்கு என்ன நடந்தது, இந்த நோவுக்கு மருந்து தான் என்ன எண்டு கேக்கிறார். உத்தரப்பிரதேசப் பொடியன் இரவில பாத்திரம் கழுவிக்கொண்டு அதைப் பாடுவான், நான் கருத்துக் கேட்டுத் தெரிஞ்ச அண்டு எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சுது, ஏனெண்டா பள்ளிக்கூடத்தில பாடமாக்கின குறள் அப்பிடியே வந்து நிண்டுது.

நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே எனைத்தொன்றும்
எவ்வநோய் தீர்க்கும் மருந்து.

1241ஆம் குறள், நெஞ்சொடு கிளத்தல் எண்ட 125ஆம் அதிகாரத்தின்ர முதல் குறள். அதே நெஞ்சு, அதே நோ, அதே மருந்து. காலிப்புக்கு வள்ளுவரைத் தெரிஞ்சிருக்க ஞாயமில்லை. கடைசி அதிகாரம் 133ஆவதுக்கு மூண்டு முன்னுக்கு, நெஞ்சொடு புலத்தல், அதில நெஞ்சோட சண்டையே பிடிக்கிறா தலைவி, அவற்ற நெஞ்சு அவர் பக்கம் நிக்குது, நீ ஏன் நெஞ்சே என்ர பக்கம் நிக்கிறாயில்லை எண்டு. உருதுக் கவிஞர்மார் தங்கட தில்லோட பிடிக்கிற சண்டையும் இதே சண்டை தான். எங்கட சைவத்திலயும் உமாபதி சிவாசாரியார் நெஞ்சைத் தான் தூது விட்டவர், நெஞ்சுவிடு தூது எண்டு பதினாலு சாத்திரத்தில ஒண்டு. இதயத்தைத் தூது விட்டதா ஒருத்தரும் பாடேல்ல.

அதால நான் கேக்கிறது சின்ன உதவி. அடுத்த ஞாயிறு அந்தப் பெட்டியில 'தில்: பாரசீகச் சொல். நெஞ்சு, மனம். உறுப்பைக் குறிக்கேக்க இருதயம்' எண்டு ஒரு வரி திருத்திப் போடுங்கோ. இடம் இருந்தா திலாசாவையும் சேருங்கோ, அது மராத்தியில ஆறுதல் எண்டு. பிரிஜ் கதவில கிடக்கிற பழையதைக் கழட்டிப்போட்டு அதை நானே ஒட்டிவிடுவன்.

இப்படிக்கு,
கோண்டாவிலில இருந்து ஒரு வாசகர்